மூலைக்குள் நுழையும் உளி

கையால் டவ்டெயில் மூட்டு வெட்டுபவர்கள் ரம்பத்தைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். எந்த ரம்பம், அங்குலத்துக்கு எத்தனை பல், இழுத்து அறுப்பதா தள்ளி அறுப்பதா என்று பேச்சு நீளும். என் கணக்கில் மூட்டின் அழகைக் காப்பதும் கெடுப்பதும் உளிதான். ரம்பக் கோடு கொஞ்சம் தள்ளிப் போனால் சீவிச் சரிசெய்துவிடலாம். வால்களுக்கு நடுவே குழியின் அடிமூலையில் உளி நசுக்கிய மரத்தைத் திரும்ப எழுப்ப வழியில்லை. அந்த மூலைக்காகவே செய்யப்பட்ட ஜப்பானிய உளி ஒன்று கைக்கு வந்தது. வாய் அகலம் 6 மில்லிமீட்டர். ஷினோகி நோமி என்ற வகை.

அந்த மூலையில் அப்படி என்ன சிக்கல்? டவ்டெயில் வால் பலகையின் நுனியில் அகன்றிருக்கும். வால் தொடங்கும் அடிக்கோட்டுக்கு வர வர ஒடுங்கும். ஆகவே அடிக்கோடும் வாலின் பக்கமும் சேரும் மூலை நேர்க்கோணமாக இருக்காது. தேக்குக்கு 1:8 சரிவு வைத்தால் மூலை ஏறத்தாழ 83 பாகை. பைன் போன்ற மென்மரத்துக்கு 1:6 வைத்தால் 80.5 பாகை. இப்போது கடையில் வாங்கிய சாதாரண உளி ஒன்றை எடுத்து வாய்ப்பக்கத்திலிருந்து பாருங்கள். மேல்முகத்தின் இருபுறமும் சாய்த்து அரைத்திருப்பார்கள். ஆனாலும் ஓரத்தில் 2 மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒரு சுவர் செங்குத்தாக நிற்கும். முதுகை அடிக்கோட்டில் பொருத்தி உளியை நிறுத்தினால் அந்தச் சுவர் வாலின் சாய்ந்த பக்கத்தில் முட்டும். 1:8 சரிவில் 2 மில்லிமீட்டர் சுவர் என்றால், மூலைக்குக் கால் மில்லிமீட்டர் முன்பே வாய் நின்றுவிடுகிறது. மிச்ச நாரை எடுக்கலாம் என்று அழுத்தினால் வாலின் பக்கம் நசுங்கும். டிராயர் பூட்டியபின் அங்கே ஒரு கறுப்புக் கோடு தெரியும். மரத்தூளும் பசையும் கலந்து அடைத்தாலும் தெரியும்.

இந்த உளியில் அந்தச் சுவரே இல்லை. குறுக்குவெட்டு முக்கோணம். நடுவில் ஒரு முகடு, அங்கிருந்து இருபுறமும் சரிந்து ஓரத்தில் கத்தி விளிம்பு அளவுக்கு மெலிந்து முடிகிறது. சரிவு தாராளமாக இருப்பதால் 1:6 மூலையிலும் முட்டாமல் இறங்குகிறது.

ஜப்பானில் மரவேலைக் கருவிகளுக்குப் பெயர்பெற்ற ஊர்கள் ஹியோகோ மாகாணத்தின் மிக்கியும் நீகாத்தா மாகாணத்தின் யோய்த்தாவும். அங்கெல்லாம் உளியை ஒரே இரும்பில் செய்வதில்லை. மெல்லிரும்புப் பாளத்தின் மேல் கடின எஃகுத் தகடு ஒன்றை வைத்து, உலையில் காய்ச்சி, அடித்து ஒட்டுகிறார்கள். சரிவு முகத்தைத் தீட்டிப் பார்த்தால் இரண்டுக்கும் இடையே மங்கலும் பளபளப்பும் பிரியும் கோடு தெரியும். என் கையிலிருப்பது ‘வெள்ளைத்தாள் 2’ என்ற எஃகு, கார்பன் 1.05 முதல் 1.15 சதவீதம் வரை, குரோமியமோ டங்ஸ்டனோ வேண்டுமென்று சேர்ப்பதில்லை. இத்தகைய உளிகளின் கடினம் ராக்வெல் அளவில் 62-ஐத் தாண்டும். லாரிப் பட்டையிலிருந்து நம் கொல்லர்கள் அடித்துத் தரும் உளி இவ்வளவு கடினமாக இருக்காது. ஆனால் அடிக்கு அது வளைந்து கொடுக்கும், இது கொடுக்காது.

பெட்டியிலிருந்து எடுத்ததும் வேலைக்கு இறக்க முடியாது. பிடியின் தலையில் இருக்கும் இரும்புப் பூண் தளர்வாகத்தான் வந்தது. அதைக் கழற்றி, பிடியின் நுனியைச் சுத்தியலால் சுற்றிலும் தட்டி இறுக்கி, பூணை மறுபடி அடித்து இறக்கி, மேலே துருத்தும் மரத்தை நனைத்துப் பரத்த வேண்டும். இதைச் செய்யாமல் அடித்தால் பிடி பிளந்துவிடும். முதுகில் நடுவே குழிவாகச் செதுக்கியிருப்பதால் கல்லில் படுவது சுற்று விளிம்பு மட்டுமே; அதனால் தட்டையாக்குவது சீக்கிரம் முடிகிறது. 1000 கல்லிலும் 6000 கல்லிலும் 30 பாகையில் தீட்டியபோது பிசிறு மெல்லிய நூலாக எழுந்து, தோல்வாரில் இரண்டு இழுப்பில் உதிர்ந்தது. இவ்வளவு கீழ்ப்படிந்து கூர் ஏறும் எஃகைத் தொடுவதே ஒரு சந்தோஷம்.

முதல் சோதனைக்குப் பேக்கிங் பெட்டி பைன் மரத்தை எடுத்தேன். கடின மரத்தில்தான் உளியின் தரம் தெரியும் என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மென்மரத்தின் குறுக்கு நாரை மழுங்கிய வாய் வெட்டாது, சாய்த்துப் பிய்த்துவிடும். அங்கே சொரசொரப்பான பள்ளங்கள் இருந்தால் உளி தோற்றது என்று பொருள். இந்த உளி விட்டுச்சென்ற முகம் வழவழவென்று, ஆண்டு வளையங்கள் எண்ணும்படி இருந்தது. மூலையில் கொட்டாப்புளியே தேவைப்படவில்லை. உள்ளங்கையால் அழுத்தியதும் கடைசி நார் முக்கோணச் சில்லாகக் கழன்று வந்தது. அந்தச் சில்லு முழுதாக வருவதற்குத்தான் இந்த உளிக்கு இத்தனை விலை.

தேக்கில் கதை கொஞ்சம் மாறியது. வெட்டு அதே சுத்தம்தான். ஆனால் தேக்கில் இயல்பாகவே சிலிக்கா உண்டு. எந்தக் கருவியின் கூரையும் அது தின்னும். ஒரு டிராயர் முடிவதற்குள்ளேயே மறுபடி கல்லுக்குப் போக வேண்டியிருந்தது. பவுடர் உலோகமுறையில் செய்த புதுவகை எஃகுகள் இந்த விஷயத்தில் நிச்சயம் கூடுதலாகத் தாங்கும். தீட்டுவதற்குப் பொறுமை உள்ளவருக்கு இது பெரிய குறையில்லை. நாள் முழுக்கத் தேக்கில் வேலை செய்து கூலி பார்ப்பவருக்கு இது குறைதான்.

பக்கத்துத் தெரு ஆசாரி ஒருவரிடம் கொடுத்துப் பார்த்தேன். முதுகுக் குழிவைக் கட்டைவிரலால் தடவி, வெளிச்சத்தில் பிடித்து, ஒரு மூலையைச் சீவிவிட்டுச் சொன்னார்: “தொளை எடுக்க இதத் தொடாதீங்க தம்பி. சீவுறதுக்கு மட்டும் வச்சுக்கங்க.” அவர் சொன்னது முழுக்கச் சரி. இவ்வளவு கடினமான, இவ்வளவு மெலிந்த ஓரத்தை நெம்பினால் வாய் உடையும். குழியின் பெரும்பகுதிக் கழிவைச் சுருள் ரம்பத்தால் அறுத்தெடுத்துவிட்டு, கடைசி ஒரு மில்லிமீட்டருக்கு மட்டும் இதை எடுப்பதே முறை. இன்னொரு தொந்தரவும் உண்டு. சீவும்போது ஆள்காட்டி விரலை அலகின் ஓரத்தில் வைத்து வழிநடத்துவது எல்லோருக்கும் பழக்கம். இங்கே அந்த ஓரமே விரலை அறுக்கும். வாயிலிருந்து ஓர் அங்குலத்துக்கு மேலே இரு ஓரங்களையும் கல்லில் லேசாகத் தேய்த்து மழுக்கியபிறகுதான் நிம்மதியாகப் பிடிக்க முடிந்தது.

குறுகிய உளி என்பதால் முதுகுக் குழிவைச் சுற்றியுள்ள விளிம்பும் மிக மெல்லியது. தீட்டித் தீட்டி வாய் பின்வாங்க, ஒருநாள் குழிவு வாயைத் தொடும். அப்போது முதுகைக் கல்லில் தட்டையாகத் தேய்த்து விளிம்பை மறுபடி வரவழைக்க வேண்டும். ஆனால் தேவைக்கு மேல் தேய்க்காமல் இருப்பதே நல்லது.

யார் வாங்கலாம்? கையால் டிராயரும் பெட்டியும் செய்பவர்கள் 6 மில்லிமீட்டரில் ஒன்று வாங்கலாம். வால்களுக்கு இடையே புகும் முளைகளை மிக ஒடுக்கமாக வைப்பவர்களுக்கு 3 மில்லிமீட்டர். முழு செட் வேண்டவே வேண்டாம். அகலமான உளிகளுக்கு டவ்டெயில் மூலையில் வேலையே இல்லை. முகப்பில் மூட்டு தெரியாத பாதி மறைவு டவ்டெயில்தான் உங்கள் வேலை என்றால், நுனி விரிந்த மீன்வால் உளி இதைவிட உதவும்.

அவ்வளவு பணம் போட மனமில்லாதவர்கள் கையிலிருக்கும் 6 மில்லிமீட்டர் உளியையே மாற்றிக்கொள்ளலாம். வாயிலிருந்து ஒன்றரை அங்குலத்துக்கு மட்டும், மேல்முகச் சரிவைச் சாணையில் இன்னும் ஆழமாக இறக்குங்கள். ஒவ்வொரு தொடுதலுக்கும் பிறகு தண்ணீரில் தோய்த்து எடுங்கள். உலோகத்தில் நீலம் பாய்ந்தால் பதம் போய்விட்டது என்று அர்த்தம். அந்தப் பகுதி இனி கூர் தாங்காது. முதுகுப் பக்கம் போக வேண்டாம். ஓரச் சுவர் அரை மில்லிமீட்டருக்கு வந்ததும் நிறுத்திவிடலாம். 1:8 சரிவில் அது மூலையில் விடும் இடைவெளி 0.06 மில்லிமீட்டர். பசை போட்டு மூட்டை இறுக்கினால் அந்த இடைவெளி கண்ணுக்குத் தட்டுப்படாது.