மூடிய பானையும் திறந்த பாத்திரமும்

ஞாயிறு பள்ளியில் நாட்டார் கதை சொல்லும் நம்மவர் பலர், கதையில் வரும் உணவை வெறும் அலங்காரமாகக் கருதி, இறுதியில் ஒரு நீதியை உரைத்து அமைந்துவிடுகின்றனர். இம்முறையின் குறையை ஜாவா நாட்டு ஜாக்கா தாருப் கதை நன்கு புலப்படுத்தும்.

நீராட வந்த தேவமகளிருள் ஒருத்தியின் மேலாடையை அவன் ஒளித்துவைக்கிறான். விண்ணேக இயலாத அவளை மணக்கிறான். நாள்தோறும் ஒரே நெற்கதிரைப் பானையிலிட்டு அவள் வீட்டாருக்கெல்லாம் சோறாக்குகிறாள். மூடியைத் திறக்கலாகாது என்கிறாள், அவன் திறக்கிறான். அற்புதம் நின்றுபோக, அவள் உலக்கை பிடிக்கிறாள். நாளடைவில் களஞ்சியத்து நெல் குறைகிறது; அடியில் கிடந்த தன் ஆடையைக் கண்டெடுத்து விண்ணுலகம் மீள்கிறாள். இரவில் குழந்தைக்குப் பாலூட்ட மட்டும் இறங்கி வருகிறாள்.

'ஆவலை அடக்குக' என்று இதற்குப் பொருள் கூறுவது எளிது. ஆனால் அவ்வாறு கூறுகையில் முதற்குற்றமாகிய களவு மறைந்துபோகிறது. நெல் குறையாதிருந்த வரையில் களவு வெளிப்படவில்லை. நிறைந்த களஞ்சியமே அநீதியை மூடி நின்றது. உணவு ஈண்டு வளத்தின் குறியீடு மட்டுமன்று, மறைப்பின் குறியீடுமாம்.

மணிமேகலையில் ஆபுத்திரன் அமுதசுரபியுடன் கப்பலேறியது வறட்சியுற்ற சாவக நாட்டிற்கே; அது ஜாவா என்பர் அறிஞர் பலர். வழியில் மணிபல்லவத்தில் தங்கிவிட்ட அப்பாத்திரம் பின்னர் மணிமேகலை கையேறிப் பஞ்சமுற்ற காஞ்சிக்கு வந்தது. காப்பியத்தையும் நாட்டார் கதையையும் ஒரே துலாக்கோலில் நிறுத்தல் தகாது. எனினும் ஒரு வேறுபாடு கருதற்குரியது: அமுதசுரபிக்கு மூடியில்லை. முதற்பிச்சை இட்டவள் ஆதிரை என்று பெயருடன் காப்பியம் கூறுகிறது. உண்போர் ஊரறிய உண்கின்றனர்.

அக்காஞ்சியை அடுத்ததே ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதி. வெளியூர்களிலிருந்து வந்த இளம்பெண்கள் விடுதிகளில் தங்கி, யாரோ எங்கோ சமைத்ததை உண்டு, ஷிப்டுக்குப் பேருந்தேறுகின்றனர். 2021 டிசம்பரில் விடுதி உணவால் 150க்கும் மேற்பட்ட பெண் தொழிலாளர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது, தோழியர் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். நோயுற்றோர் எங்கே என்பதே அவர்கள் கேட்ட முதற்கேள்வி. மூடி திறந்தது அன்றுதான்.

இப்பகுதியில் பணிப்பயிற்சி பெறும் இறையியல் மாணவர் இக்கதையைச் சொல்ல நேர்ந்தால், நீதியை ஒத்திவைத்து, ஆடையை ஒளித்தவன் யார், நெல்லைக் குத்தியவள் யார் என்று கேட்டுப் பார்க்கலாம். விடை கூற அப்பெண்களுக்கு நம் உதவி வேண்டியிராது.