பேரட் சிகே3000: பாட்டுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே ஒரு ரிலே

திரை கிடையாது. டேஷ்போர்டில் ஒட்டிக்கொள்ள ஒரு குட்டித் திருகுகுமிழ், பக்கத்தில் பச்சைப் பொத்தான் ஒன்று, சிவப்பு ஒன்று. தனியாக ஒரு மைக். ஸ்டீரியோவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் பெட்டி, அதிலிருந்து தொங்கும் ஒயர்க் கற்றை. பிரெஞ்சு நிறுவனமான பேரட் 2000-களின் தொடக்கத்தில் கொண்டுவந்த சிகே3000 ப்ளூடூத் கிட் இவ்வளவுதான். பிரிட்டனில் 2003 டிசம்பர் 1 முதல் வண்டி ஓட்டும்போது போனைக் கையில் பிடிப்பது குற்றமானதும் இப்படிப்பட்ட கிட்டுகளுக்குத் தேவை கூடியது.

நான் இதைச் சோதித்தது கேசட் ஸ்டீரியோ உள்ள ஒரு பழைய காரில், நோக்கியா 6310ஐ போனோடு. இதில் ரசிக்கவேண்டியது அந்த ஒயர்க் கற்றை.

இதற்கு முந்தைய கிட்டுகளில் ஸ்டீரியோவுக்குப் போகும் தொடர்பு பெரும்பாலும் ஒற்றை மியூட் ஒயர்தான். அழைப்பு வந்தால் கிட் அந்த ஒயரை எர்த்தில் சேர்க்கும், பாட்டு அடங்கும். பேசுபவரின் குரலோ காலடியில் திருகிவைத்த தனி ஸ்பீக்கரில் கரகரக்கும். மியூட் பின் எங்கே என்பதும் ஸ்டீரியோவுக்கு ஸ்டீரியோ மாறும். சிலவற்றில் அது இருக்கவே இருக்காது.

சிகே3000 இந்தச் சிக்கலைச் சுற்றிக்கொண்டு போகிறது. ஐஎஸ்ஓ 10487 தரத்தில் எட்டு பின் பிளக்குகள் இரண்டு: ஒன்று கரண்டுக்கு, மற்றது நான்கு ஸ்பீக்கர்களுக்கு. ஸ்டீரியோவை இழுத்து, பிளக்கைக் கழற்றி, நடுவே இந்தக் கற்றையைச் செருகினால் போதும், ஒயரை வெட்டவேண்டியதில்லை. அழைப்பு வந்ததும் பெட்டிக்குள் இருக்கும் ரிலே, ரயில் பாதையில் பாயிண்ட் மாற்றுவதுபோல், ஸ்பீக்கரை ஸ்டீரியோவிடமிருந்து பிடுங்கித் தன் ஆம்ப்ளிஃபையரிடம் கொடுத்துவிடும். ஸ்டீரியோவுக்கு எதுவும் தெரியாது.

தெரியாததால் ஒரு வேடிக்கை. நாம் பேசி முடிக்கும்வரை கேசட் யாருக்கும் கேட்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். பல்லவியில் விட்டால் சரணத்தில்தான் பிடிக்கவேண்டும். மியூட் பின் உள்ள ஸ்டீரியோ என்றால் கற்றையிலுள்ள மஞ்சள் மியூட் ஒயரை அதில் கொடுக்கலாம்.

மாட்டுபவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. எப்போதும் 12 வோல்ட் வரும் ஒயர் பின் 4-இலும், சாவி போட்டால் மட்டும் வருவது பின் 7-இலும் இருக்கவேண்டும். பல ஃபோக்ஸ்வாகன் கார்களில் இவை இடம் மாறியிருக்கும். கவனிக்காமல் செருகினால் சாவியை எடுத்த பிறகும் கிட் விழித்திருந்து பேட்டரியைக் குடிக்கும்.

ஒலி? அக்கால ப்ளூடூத் குரலில் நொடிக்கு 8,000 மாதிரிகள்தான். 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் வராது, ஸ, ஷ எல்லாம் மழுங்கும். ஆனால் கதவு ஸ்பீக்கரில் வருவதால் குரலுக்கு ஒரு கனம் கிடைக்கிறது. நெடுஞ்சாலை இரைச்சலிலும் பேச்சு புரிகிறது. மைக்கை ஏசி காற்று படாமல், கண்ணாடியருகே வையுங்கள். போனையும் ஸ்டீரியோவை ஒட்டி வைக்காதீர்கள்: ஜிஎஸ்எம் அலைத்துடிப்பின் 217 ஹெர்ட்ஸ் ரீங்காரம் ஸ்பீக்கரில் ஏறும். இன்று 2ஜி போன் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இந்தக் கவலை.

அசல் ஸ்டீரியோவை மாற்ற மனமில்லாத பழைய கார்க்காரர்களுக்கு நான் இதைத் தயங்காமல் சொல்வேன். செகண்ட்ஹேண்டில் வாங்கினால் பெட்டியைவிட முதலில் கற்றையும் மைக்கும் உடன் வருகின்றனவா என்று பாருங்கள்.