குரோவலின் ‘புதிய நெடுங்கணக்கு’: ஒரு மதிப்பீடு

நெதர்லாந்து நாட்டு வரைகலைஞர் விம் குரோவல் 1967ஆம் ஆண்டில் ‘புதிய நெடுங்கணக்கு’ என்னும் பெயரால் ஓர் எழுத்துருவை வெளியிட்டார். வளைகோடு ஒன்றும் இன்றி, நிலைக்கோடும் கிடைக்கோடும் கொண்டு, மூலைகள் 45 பாகைச் சாய்வில் வெட்டுண்டு நிற்கும் உரோமன் எழுத்துக்கள் அவை. கோட்டின் பருமன் யாண்டும் ஒன்றே; முனைகளில் அணிக்கோடு இல்லை. வருங்காலத்தை முன்னுணர்ந்த படைப்பு என இதனைப் போற்றுவார் உளர். அக்கூற்று எத்துணைப் பொருந்தும் என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுவது.

அக்காலத்தில் தோன்றிய மின்னணு அச்சுக்கோப்புப் பொறிகள் எழுத்தைப் புள்ளிகளாலும் நுண்கோடுகளாலும் திரையில் ஆக்கின. வளைவுகள் படிக்கட்டுப்போல் சிதைந்தன. பொறி வளைவை ஆக்கமாட்டாதெனின் வளைவையே விடுக்க என்பது குரோவலின் துணிபு. எழுத்துக்கள் அனைத்தும் ஓரகலம் பெறவேண்டும் என்பதும் அவர் வகுத்த விதி. ஆதலின் அகன்ற ‘எம்’ எழுத்திற்கு இடமில்லாது போயிற்று. ‘என்’ எழுத்தின்கீழ் ஒரு கோடிட்டு அதனை ‘எம்’ ஆக்கினார்.

குறியிட்டு எழுத்தை வேறுபடுத்தல் தமிழர்க்குப் புதிதன்று. எகர ஒகரங்கள் புள்ளி பெறும் எனத் தொல்காப்பியம் விதித்ததை யாவரும் அறிவர். ஆயின் அங்குக் குறிலும் நெடிலும் ஓரினம். ஒலியுறவை வடிவுறவு காட்டிற்று. குரோவலின் அடிக்கோடோ ஒலியைச் சுட்டவில்லை. பழைய ‘எம்’ எழுத்தில் இருந்து மறைந்த மூன்றாம் காலையே சுட்டுகின்றது. பழைய வடிவை அறியாதார்க்கு அக்கோடு வெற்றுக்கோடு. அறிந்தார்க்கோ பழைய வடிவே போதும். முறைமை பிழையற்றது, படிப்போனுக்கு மட்டும் அதில் இடமில்லை.

பழகினால் எவ்வடிவும் எளிதாம் என்பார் கூற்றை யாம் முற்றும் மறுக்கவில்லை. பழக்கம் பெரிது, எனினும் பொறி பழகவேண்டியதைப் படிப்போன் ஏன் பழகவேண்டும்? இவ்வினாவை அவ்வாண்டிலேயே எழுப்பியவர் குரோவலின் நாட்டினரான கெரார்ட் உங்கர். அவர் ஓர் எதிர்முன்மொழிவையே அச்சிட்டார். பின்னர் 1970களின் இடையில் டிகிசெட் என்னும் அத்தகைய பொறிக்கே வளைவு குன்றாத ‘டெமோஸ்’ எழுத்துருவை அவர் வகுத்தளித்தார். அரிதெனக் கருதிய செயல் பத்தாண்டிற்குள் இயல்வதாயிற்று. வருங்காலத்தை முன்னுணர்ந்தவர் யாவர் என்பதனை இதனால் அறிக.

குரோவல்மீது குறை முழுவதையும் சுமத்துதல் நேர்மையன்று. தம் எழுத்துருவை நடைமுறைக்கு உரியதெனத் தாம் கருதவில்லை என்றும், அஃதோர் ஆய்வுமுயற்சியே என்றும் அவரே உரைத்தார். பின்வந்தோரே அதன் கோணல்மாணலற்ற கட்டழகில் மயங்கித் தலைப்பெழுத்தாக அதனை எடுத்தாண்டனர். 1988ஆம் ஆண்டில் ஜாய் டிவிஷன் என்னும் ஆங்கில இசைக்குழுவின் ‘சப்ஸ்டன்ஸ்’ இசைத்தட்டின் உறையில் இடம்பெற்றபின் அதன் புகழ் பரந்தது. ஆனால் அவ்வுறையில் ஒருசில எழுத்துக்கள் குரோவல் வகுத்தவாறு நிற்கவில்லை. கண்ணுக்குப் பழகிய உருவை நோக்கித் திருத்தப்பட்டே நிற்கின்றன.