பார்லரில் ஏற்றும் கெரட்டின்

சேலம் ஐந்து ரோட்டிலும் நாமக்கல் பரமத்தி ரோட்டிலும் முகூர்த்த மாதம் பிறந்தால், பியூட்டி பார்லர்களில் கெரட்டின் ட்ரீட்மென்டுக்கும் ஆள் சேர்ந்துவிடும். போர்வெல் உப்புத் தண்ணீரிலும் வெயிலிலும் முடி இழந்த கெரட்டின் என்ற புரதத்தைத் திரும்ப ஏற்றித் தருகிறோம் என்பது அங்கே தரப்படும் வாக்கு. ஆயிரக்கணக்கில் பணம் வாங்கும் இந்த வாக்கைக் கெரட்டின் இழை உருவாகும் விதத்தை வைத்தே எடைபோட வேண்டும்.

மனிதனுக்குக் கெரட்டின் மரபணுக்கள் 54. முதல் வகை 28, இரண்டாம் வகை 26. ஒரே வகையை மட்டும் வைத்து இழை கட்ட முடியாது. வகைக்கு ஒன்றாக இரண்டு புரதங்கள், கயிற்றின் புரிகளைப் போல ஒன்றையொன்று முறுக்கிக்கொள்கின்றன. அப்படி இரண்டு இணைகள் தலைமாற்றிப் படுத்து, சற்றே விலகி ஒட்டும். இந்த நால்வர் கூட்டங்கள் பக்கவாட்டில் சேர்ந்து சுமார் 60 நானோமீட்டர் நீளத் துண்டாகும். துண்டுகள் முனையோடு முனை சேர, 10 நானோமீட்டர் தடிமனில் இழை வளரும். சோதனைக்குழாயில்கூட, வெளியிலிருந்து ஆற்றல் எதுவும் ஊட்டாமல், சில நிமிடங்களில் இது நடந்துவிடுகிறது. ஆனால் புரதம் முழுசாக இருக்க வேண்டும். முறுக்கின் முனைப்பகுதியில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறினாலும் இழை குலையலாம். தோலின் கே14 கெரட்டினில் அப்படி மாற்றம் உள்ள குழந்தைக்கு லேசாக உராய்ந்தாலே கொப்பளம் எழும். 1991-இல் இது நிறுவப்பட்டது.

முடியில் இந்தக் கட்டுமானம் மயிர்க்காலின் உயிருள்ள செல்லுக்குள் முடிந்துவிடுகிறது. இழைகளுக்கிடையே கந்தகம் மிகுந்த வேறு புரதங்கள் நிரம்பி, கந்தகப் பிணைப்புகளால் எல்லாம் இறுகியபின் செல் இறக்கிறது. நாம் சீவுவது அந்த இறந்த செல்களின் தண்டு. அங்கே புது இழை கட்ட வழியே இல்லை.

பார்லரில் பூசும் கலவையின் பாட்டில் லேபிளில் பெரும்பாலும் ‘ஹைட்ரோலைஸ்டு கெரட்டின்’ என்றிருக்கும். கம்பளியிலிருந்தோ இறகிலிருந்தோ எடுத்து நொறுக்கிய புரதத் துணுக்குகள் அவை. இறகின் கெரட்டின் அமைப்பிலேயே வேறு. சுருளாக இல்லாமல் தகடாக மடிந்தது. இந்தத் துணுக்குகள் முடியின் செதில்களில் படிந்து வழவழப்புத் தரும், சிக்கலைக் குறைக்கும். அந்த மட்டில் விளம்பரம் பொய்யில்லை. நல்ல கண்டிஷனரும் அதைச் செய்துவிடும்.

முடியை நேராக்குவது வேறு சரக்கு. பல கலவைகளில் ஃபார்மால்டிஹைடை வெளிவிடும் பொருளோ கிளையாக்சிலிக் அமிலமோ இருக்கிறது. அதன்மேல் 200 டிகிரி தாண்டிய அயர்ன். பூசிய முடியை அதில் இழுக்கும்போது எழும் புகையில் கண் எரிவது ஃபார்மால்டிஹைடு வெளியேறுவதன் அடையாளமாக இருக்கலாம். ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 2004-இலேயே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்திவிட்டது. கிளையாக்சிலிக் அமிலமும் ஆபத்தில்லாத மாற்று அல்ல: முடியை நேராக்கிக்கொண்ட ஓர் இளம்பெண்ணுக்கு ஒவ்வொரு முறையும் சிறுநீரகம் பழுதானதை 2024-இல் ஒரு மருத்துவ இதழ் பதிவு செய்தது. அவருக்குப் பூசிய கிரீமில் அந்த அமிலம் 10 சதவீதம். அந்தக் கிரீமை எலிகளுக்குப் பூசியபோதும் சிறுநீரகத்தில் ஆக்சலேட் படிகங்கள் தேங்கின.

ஆகவே, கெரட்டினை ஏற்றுகிறோம் என்ற வாக்கு தவறு. சில மாதம் முடி நேராக, பளபளப்பாக இருக்கும் என்பது சரி. இரண்டையும் கலந்து விற்பதை ஏற்க முடியாது. என்ன ரசாயனம், எத்தனை சதவீதம் என்பது வாடிக்கையாளருக்குத் தெரியும்படி எழுதி ஒட்டப்பட வேண்டும். ஏசிக்காகச் சன்னலை அடைத்த அறையில் இந்த வேலையே கூடாது. வாடிக்கையாளர் வருடத்துக்கு இரண்டு மூன்று முறை வந்து போகிறவர். அயர்ன் பிடிக்கும் பெண் சீசன் முழுக்க அந்தப் புகையில்தான் நிற்கிறாள்.