ஆற்றுப்படையும் விழாச் சுற்றுலாவும்: மலைபடுகடாத்தை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஆற்றுப்படை நூல்களைப் பழந்தமிழரின் சுற்றுலா வழிகாட்டிகள் எனக் குறிப்பிடும் வழக்கம் தமிழியல் கட்டுரைகளில் பரவலாக உள்ளது. மலைபடுகடாத்தை முன்வைத்து இக்கூற்றை இக்கட்டுரை மறுபரிசீலனை செய்கிறது. வழிகாட்டியின் துணையோடு தொலைதூர மலைப் பள்ளத்தாக்குகளுக்குச் சென்று அங்குள்ளோரின் விழாக்களைக் காணும் இன்றைய பண்பாட்டுச் சுற்றுலா, லடாக் பகுதியைச் சான்றாகக் கொண்டு, அந்நூலோடு ஒப்பிடப்படுகிறது. கலை நிகழ்த்துபவர் யார், காண்பவர் யார், கொடுப்பவர் யார் என்னும் வினாக்களில் இரண்டும் எதிரெதிர்த் திசையில் நிற்கின்றன என்பது இக்கட்டுரையின் கருதுகோள். ஒப்பீட்டால் பெறப்படும் அளவுகோல்கள், திருப்பூர் மாவட்டம் அமராவதி நகரை அடுத்த மலைப்பகுதிக்கு இறுதியில் பொருத்திப் பார்க்கப்படுகின்றன.

குறிச்சொற்கள்: ஆற்றுப்படை, மலைபடுகடாம், பண்பாட்டுச் சுற்றுலா, லடாக், விருந்தோம்பல், அமராவதி மலைப்பகுதி.

முன்னுரை

தமிழ் இலக்கிய மரபில் இமயம் நெடுங்காலம் ஓர் எல்லையாகவே இருந்துள்ளது. புறப்பாடல்களில் அது வடதிசையின் வரம்பு. சேர மன்னன் ஒருவனின் பெயர் ‘இமயவரம்பன்’ என அமைந்தது. சிலப்பதிகாரத்தில் செங்குட்டுவன் கண்ணகிக்குப் படிமம் செய்யக் கல் கொணர்ந்த மலை அது. பெரியபுராணத்தில் திருநாவுக்கரசர் சென்றடைய விரும்பிய கயிலை அது. இவை அனைத்திலும் வெற்றி, புனிதம் ஆகியவற்றின் குறியீடாக மலை நிற்கிறதேயன்றி, அங்கு உழுது, மேய்த்து, விழா எடுத்து வாழும் மக்கள் இடம்பெறுவது அரிது.

இன்றைய பண்பாட்டுச் சுற்றுலா அம்மக்களை முன்னிறுத்துகிறது. பள்ளத்தாக்கின் விழா நாளை மையமாகக் கொண்டு பயண நிரல் வகுக்கப்படுகிறது. வழிகாட்டி ஒருவர் உடன் வருகிறார். வழி, உணவு, தங்குமிடம், காணத்தக்கவை ஆகியன முன்கூட்டியே சொல்லப்படுகின்றன. இவ்வமைப்பு ஆற்றுப்படையை நினைவூட்டுவது இயல்பே. எனினும் வடிவ ஒற்றுமையைப் பொருள் ஒற்றுமையாகக் கொள்ளலாமா என்பது ஆராயத்தக்கது.

ஆற்றுப்படுத்துபவரும் ஆற்றுப்படுத்தப்படுபவரும்

பரிசில் பெற்று மீளும் கூத்தர், பாணர், பொருநர், விறலியர், எதிர்ப்படும் தம் போன்ற கலைஞர்க்குத் தாம் பெற்ற வளத்தை உரைத்து வழிப்படுத்துவதைத் தொல்காப்பியப் புறத்திணையியல் ஆற்றுப்படை என வரையறுக்கிறது. பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் இவ்வகையின. இவற்றுள் கூத்தராற்றுப்படை எனவும் வழங்கும் மலைபடுகடாம் 583 அடிகளைக் கொண்டது. இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் நன்னன் சேய் நன்னனைப் பாடியது இந்நூல். நன்னனின் செங்கண்மா இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் எனக் கொள்ளப்படுகிறது. 1889இல் உ.வே. சாமிநாதையர் நச்சினார்க்கினியர் உரையோடு பத்துப்பாட்டைப் பதிப்பித்த பின்னர் இந்நூல் பரவலான வாசிப்புக்கு வந்தது.

வரையறையிலேயே மூன்று செய்திகள் அடங்கியுள்ளன. முதலாவது, வழி சொல்பவரும் கேட்பவரும் ஒரே தொழிலர். இருவரும் வறுமையை அறிந்தவர்கள். இரண்டாவது, வழி சொல்பவர் அதற்காகக் கூலி பெறுவதில்லை. தாம் பெற்றதைப் பிறரும் பெற வேண்டும் என்பதே அவர் பேச்சின் காரணம். மூன்றாவது, பயணம் செய்பவரே கலை நிகழ்த்துபவர். முழவு, ஆகுளி, கொம்பு, குழல், யாழ் முதலிய கருவிகளைச் சுமந்து செல்லும் கூத்தர் குழுவின் காட்சியோடுதான் மலைபடுகடாம் தொடங்குகிறது. மலைநிலத்தார் அவர்களுக்கு உணவும் இடமும் தருகிறார்கள். கலை வெளியிலிருந்து மலைக்குள் செல்கிறது. பொருள் மலையிலிருந்து கலைஞரிடம் வருகிறது.

விழாச் சுற்றுலாவில் இத்திசை தலைகீழாகிறது. பயணி காண்பவர், மலைநிலத்தார் நிகழ்த்துபவர். பயணியின் கையில் பணம் உள்ளது. நிலத்தாரின் கையில் கலை உள்ளது. வழிகாட்டி இருவருக்கும் இடையே ஊதியம் பெறும் மூன்றாமவர். ஆகவே ஆற்றுப்படையைச் சுற்றுலா வழிகாட்டி என்று அழைக்கும்போது, வழிக்குறிப்பு என்னும் ஒரே கூறு எடுத்துக்கொள்ளப்பட்டு, அவ்வழிக்குறிப்பைத் தாங்கி நிற்கும் உறவு விடுபட்டுப் போகிறது.

ஒலிகளுள் ஒன்றாக விழா

மலையை யானையாகவும் அதில் எழும் ஓசைகளை அதன் மதமாகவும் கொண்ட உருவகமே நூற்பெயருக்குக் காரணம். அவ்வோசைகளின் நெடிய அடுக்கு இந்நூலின் மையப் பகுதி எனலாம். குறவர் தேன் எடுக்கும் ஆரவாரம், தினை குற்றும் மகளிர் பாடும் வள்ளைப்பாட்டு, புலி தாக்கியதால் கணவன் மார்பில் ஏற்பட்ட புண் ஆறும்பொருட்டு மனைவி பாடும் பாட்டு, விலங்குகளின் குரல், அருவியின் இரைச்சல் ஆகியன அவ்வடுக்கில் உள்ளன. மான்தோல் போர்த்த சிறுபறை முழங்க உயர்ந்த மலைமேல் குறவர் ஆடும் குரவையும் அவற்றினிடையே வைக்கப்பட்டுள்ளது.

இவ்வைப்புமுறை கருதத்தக்கது. குரவை கூத்தர்க்காக ஆடப்படுவதன்று. அவர்கள் வழிநடையில் கேட்கும் பல ஒலிகளுள் அதுவும் ஒன்று. உழைப்பும் நோயும் வேட்டையும் விழாவும் ஒரே வரிசையில் வருவதால், எந்த வாழ்விலிருந்து அந்த ஆட்டம் எழுகிறது என்பது கேட்பவருக்குத் தெரிகிறது. புண்பட்டவனுக்காகப் பாடும் பெண்ணின் குரலைக் கேட்டவர் குரவையை வெறும் களியாட்டாகக் கருத இயலாது. விழாவை வாழ்விலிருந்து பிரித்தெடுக்காமை இந்நூல் தரும் முதல் அளவுகோல்.

பார்வைக்கு விதிக்கப்படும் வரம்பு

மலைபடுகடாம் காட்சிகளை வியந்து பேசும் நூல்; ஆயினும் காண்பதற்கு வரம்பும் விதிக்கிறது. மலைக் காட்சிகளில் மனம் பறிகொடுத்து விரைந்து நோக்குவதைத் தவிர்க்குமாறு அது கூறுகிறது. அவ்வாறு நோக்கின் வரிசையாகச் செல்லும் அடிகள் நெறி தவறும் என்பது காரணம். கடவுள் உறையும் இடத்தைத் தொழுது கடக்க வேண்டும். அங்கே காரணமின்றி இசைக்கருவிகளைத் தொடலாகாது. ஆனால் நடுகல் நிற்கும் இடத்தில் அது விரும்பும்படி பாடி, விரைந்து செல்ல வேண்டும். ஓரிடத்தில் கலை விலக்கப்படுகிறது, மற்றோரிடத்தில் வேண்டப்படுகிறது. இவ்வேறுபாட்டைப் பயணி தன் விருப்பத்தால் தீர்மானிப்பதில்லை. இடத்தின் மரபே தீர்மானிக்கிறது. இது இரண்டாம் அளவுகோல்.

பிரியும் வழிகளைக் கடக்கும்போது, பின்வரும் புதியவர் அறிந்துகொள்ளும்பொருட்டுச் சந்தியைத் துடைத்துப் புல்லை முடிந்து அடையாளம் இடுமாறும் கூத்தர் அறிவுறுத்தப்படுகின்றனர். வழி கேட்டு வந்தவரே வழிகாட்டியாக மாறும் இடம் இது. பயணிக்கும் கடமை உண்டு என்பது மூன்றாம் அளவுகோல்.

லடாக்கின் விழாக்களும் பயண நிரலும்

லடாக் 1974இல் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள லே நகரை விமானத்தில் அடைபவர்கள் ஓரிரு நாள் ஓய்வெடுத்து உடலைப் பழக்கிக்கொள்ளுமாறு அறிவுறுத்தப்படுகின்றனர். வழியின் இடர்களை முன்கூட்டிச் சொல்வதில் இன்றைய வழிகாட்டி பெருங்கௌசிகனாரின் கூத்தனோடு ஒத்திருக்கிறார். வேறுபாடு விழாக் களத்தில் தொடங்குகிறது.

ஹெமிஸ் மடாலயத்தின் செச்சு விழா பத்மசம்பவரைப் போற்றுவது. திபெத்திய நாட்காட்டியின் ஐந்தாம் மாதத்தில் இரண்டு நாள் நடைபெறுவது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, குரங்கு ஆண்டில், அங்குள்ள பெரிய துணி ஓவியம் விரித்துக் காட்டப்படுகிறது. 2016இல் அவ்வாறு நடந்தது. விழாவில் துறவியர் முகமூடி அணிந்து ஆடும் ‘சாம்’ ஒரு வழிபாட்டுச் செயல். ஆடும் துறவிக்கு அது தியானம். காணும் ஊராருக்கு அருள் பெறும் வாய்ப்பு. தீமையின் உருவாகச் செய்த பாவை இறுதியில் அழிக்கப்படும்போதே சடங்கு நிறைவெய்துகிறது. பயண நிரலிலோ இது ‘முகமூடி நடனம்’ என்ற ஒரு தொடராகச் சுருங்கிவிடுகிறது.

காலமும் இங்கு முக்கியம். வேளாண் வேலை ஓய்ந்த குளிர்காலமே லடாக்கில் விழாக்கள் மிகுந்த பருவம். ஸ்பிதுக், மாத்தோ போன்ற மடாலயங்களின் விழாக்கள் அப்போதுதான் நடைபெறுகின்றன. பயணிகள் வருவதோ கோடையில். முன்பு குளிர்காலத்தில் நடந்த மடாலய விழாக்கள் சில கோடைக்கு மாற்றப்பட்டுள்ளன. சுற்றுலாத் துறை செப்டம்பரில் நடத்தும் லடாக் விழாவிலோ பல ஊர்களின் ஆட்டம், பாட்டு, உடை, வில்வித்தை, போலோ ஆகியன லே நகரில் ஒருங்கே காட்டப்படுகின்றன. ஊரின் வேலைநாளும் ஓய்வுநாளும் வகுத்த விழாக்காலத்தைப் பயணியின் விடுமுறை வகுக்கத் தொடங்குகிறது. மலைபடுகடாத்தில் பயணி தன் நடையை மலையின் பொழுதுக்கேற்ப அமைத்துக்கொள்கிறான். பன்றிக்கு வைத்த பொறிகள் உள்ள வழியை இருளில் தவிர்த்து, விடிந்தபின் கடக்கிறான். இன்று மலையின் பொழுது பயணிக்கேற்ப மாற்றப்படுகிறது.

கருதவேண்டிய மறுப்புகள்

இவ்வொப்பீடு பழமையைப் போற்றிப் புதுமையைப் பழிப்பதாக முடிந்துவிடக் கூடாது. இரண்டு மறுப்புகளுக்கு விடை காண வேண்டியுள்ளது.

முதலாவது, மலைபடுகடாத்தின் விருந்தோம்பல் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டதன்று. கானவர் குடியிருப்பில் தம்மை நன்னனின் கூத்தர் எனக் கூறினால் உரிமையுள்ள இல்லம்போல் நுழைந்து உணவு பெறலாம் என்றே வழி சொல்லப்படுகிறது. விருந்தின் பின்னால் தலைவனின் பெயர் நிற்கிறது. மலையின் வளத்தைப் பாடுவது அம்மலைக்கு உரியவனின் புகழைப் பாடுவதுமாகும். அவ்வகையில் ஆற்றுப்படையும் ஒரு விளம்பரமே என வாதிடலாம். இம்மறுப்பில் உண்மை உண்டு. தினையும் இறைச்சியும் தேறலும் கொடுத்த கானவர்க்கு ஈடாகக் கிடைத்தது என்ன என்பதை நூல் விரித்துரைக்கவில்லை. ஆகவே அது முன்மாதிரிச் சமூகத்தின் ஆவணம் அன்று. உறவுகளைப் பெயர் சொல்லி வெளிப்படையாக வைக்கும் நூல் என்பதே அதன் பயன்: யார் பெயரால் உணவு கிடைக்கிறது என்பதை அது மறைப்பதில்லை. சுற்றுலா நிரலில் விழாவுக்கு யார் செலவிடுகிறார், பயணக் கட்டணத்தில் ஊருக்கு எவ்வளவு சேர்கிறது என்னும் வினாக்கள் பெரும்பாலும் எழுவதே இல்லை.

இரண்டாவது, சுற்றுலா மலைமக்களுக்கு வருவாய் தருகிறது. 2000களின் தொடக்கத்திலிருந்து ஹெமிஸ் தேசியப் பூங்காவின் ரும்பக் போன்ற ஊர்களில் பயணிகள் வீடுகளில் தங்கும் முறை வளர்ந்துள்ளது. முறைவைத்து வீடுகளுக்குப் பயணிகளைப் பகிர்ந்தளிக்கும் ஏற்பாடும் அங்கு உண்டு. வருவாயில் பெண்களின் பங்கு குறிப்பிடத்தக்கது. பனிச்சிறுத்தை ஆட்டை அடித்தால் உண்டாகும் இழப்பைத் தாங்கவும் அது உதவுகிறது. இங்கு மலைநிலத்தார் காட்சிப்பொருளாக இல்லை. வீட்டுக்கு உரியவராக நின்று விருந்தினரை ஏற்கின்றனர். பணம் கைமாறியும் விருந்தோம்பும் நிலை அவர்களிடமே உள்ளது. குறை பணத்தில் இல்லை; யார் விதி வகுக்கிறார் என்பதில் உள்ளது என்பதற்கு இது சான்று.

அமராவதி மலைப்பகுதிக்குப் பொருத்துதல்

பள்ளத்தாக்குப் பண்பாட்டைக் காணும் விழைவு இமயத்தோடு நிற்பதன்று. கோடை விழா மேடைகளில் பழங்குடி ஆட்டங்களை நிரலில் சேர்ப்பது தமிழகத்திலும் வழக்கம். எனவே மேற்கண்ட அளவுகோல்களைத் தமிழகத்தின் மலைநிலம் ஒன்றில் பொருத்திப் பார்ப்பது தேவையாகிறது. உடுமலைப்பேட்டையை அடுத்த அமராவதி நகர், 1957இல் கட்டப்பட்ட அமராவதி அணையாலும் 1962இல் தொடங்கப்பட்ட சைனிக் பள்ளியாலும் அறியப்பட்ட ஊர். அணைக்கும் முதலைப் பண்ணைக்கும் வருவோர் திரும்பிச் செல்லும் இடத்திலிருந்துதான் ஆனைமலை புலிகள் காப்பகத்தின் காடு தொடங்குகிறது. தளிஞ்சி, மஞ்சம்பட்டி முதலிய குடியிருப்புகளில் புலையரும் முதுவரும் வாழ்கின்றனர். பாம்பாறு, சின்னாறு, தேனாறு ஆகியவற்றின் நீர் அமராவதியாகிக் கீழுள்ள வயல்களுக்கு வருகிறது. சமவெளியின் வாழ்வு இம்மலைக்குக் கடன்பட்டது.

2024 அக்டோபரில் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசின் மலையேற்றத் திட்டம் 14 மாவட்டங்களில் 40 வழிகளைக் கொண்டது; திருப்பூர் மாவட்டத்தின் சின்னாறு – கோட்டாறு வழியும் அவற்றுள் அடங்கும். வனத்தை ஒட்டி வாழும் பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டிகளாகப் பயிற்றுவிக்கப்பட்டுள்ளனர். நிலத்தை அறிந்தவரே வழி சொல்வது ஆற்றுப்படையின் முதற்கூற்றை நெருங்கிவரும் மாற்றமாகும். எனினும் வழிகாட்டும் உரிமை நடைபாதையோடு நின்றுவிடக் கூடாது. எந்த விழாவைப் பிறர் காணலாம், எதைக் காணலாகாது, எங்கே ஒளிப்படம் எடுக்கலாம் என்பவற்றையும் அவர்களே சொல்ல வேண்டும். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், தம் வாழிடத்தையும் பண்பாட்டு மரபையும் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கு அளிக்கிறது. விழாவைப் பயண நிரலில் சேர்க்கும் முடிவு அச்சபையிலிருந்து எழுவதே முறை.

முடிவுரை

ஆற்றுப்படையைச் சுற்றுலா வழிகாட்டியின் தொன்மை வடிவம் எனப் பெருமிதம் கொள்வதைவிட, சுற்றுலாவை மதிப்பிடும் அளவுகோலாக அதைக் கொள்வதே ஆய்வுக்குப் பயன் தரும். விழா அன்றாட வாழ்வோடு இணைத்து அறியப்படுகிறதா, பார்வைக்கு வரம்பு விதிக்கும் உரிமை நிலத்தாரிடம் உள்ளதா, பயணி ஏதேனும் கடமையை ஏற்கிறாரா என்னும் மூன்று வினாக்கள் மலைபடுகடாத்திலிருந்து பெறப்பட்டன. லடாக்கின் மேடை விழாக்களைவிட, வீடுகளில் தங்கும் முறை இவ்வினாக்களுக்கு ஓரளவு விடையளிக்கிறது. அமராவதி மலைப்பகுதியில் இவற்றை இப்போதே எழுப்ப வேண்டும்; விழாக்காலங்கள் பயணிகளுக்காக மாற்றப்பட்ட பின்னர் அவற்றை மீட்பது எளிதன்று. ஆற்றுப்படை நூல்களைக் கற்பிக்கும் வகுப்பறைகள் வழியின் சிறப்போடு நில்லாது, அவ்வழியில் சோறிட்டவர் யார் என்பதையும் பாடமாக்குதல் வேண்டும்.