மேல்துணி முடிந்த பிறகு

அமெரிக்காவில் குவில்ட் தைப்பவர்களின் வேலை பாதியில் நின்றால், பெரும்பாலும் ஒரே கட்டத்தில்தான் நிற்கிறது. வண்ணத்துண்டுகளை வெட்டி இணைத்து மேல்துணியை ஆசை ஆசையாக முடித்திருப்பார்கள். அதன் அடியில் பருத்தி பேட்டிங் என்னும் பஞ்சடுக்கு, அதற்கும் அடியில் ஓர் அடித்துணி வைத்து, மூன்றையும் ஊடுருவித் தைத்தால்தான் அது குவில்ட். அந்த ஊடுதையலை வீட்டு மெஷினிலேயே போடுவதா, பணம் கொடுத்து லாங்ஆர்ம் என்னும் பெரிய ஊடுதையல் மெஷின் வைத்திருப்பவரிடம் தருவதா? இந்த யோசனையில்தான் மேல்துணி மடிந்து அலமாரிக்குள் போகிறது, சில வீடுகளில் பல வருடங்களுக்கு.

கேள்வியைப் பலரும் மானப் பிரச்சினையாக எடுத்துக்கொள்கிறார்கள். முழுவதையும் தானே தைத்தால்தான் 'என் குவில்ட்' என்று சொல்லலாம் என்ற எண்ணம் ஆழமாக இருக்கிறது. வரலாறு அதற்கு இடம் கொடுக்கவில்லை. தேவாலயப் பெண்கள் குழுக்கள் அடுத்தவர்களின் மேல்துணிகளை வாங்கி, மரச்சட்டத்தில் பூட்டி, கையால் ஊடுதையல் போட்டுக் கொடுத்து, கிடைத்த கூலியைத் தேவாலயச் செலவுக்குச் சேர்த்த வழக்கம் பழையது. பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் வட்டாரத்தில் ஆமிஷ் என்னும் கிறிஸ்தவப் பிரிவுப் பெண்கள் செலவான நூலின் நீளத்தைக் கணக்கிட்டுக் கூலி வாங்கியிருக்கிறார்கள். 2002இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் தொங்கிய அலபாமாவின் ஜீஸ் பெண்ட் ஊர்க் குவில்ட்களிலும், மேல்துணியை ஒருத்தி தன் வீட்டில் தன் போக்கில் இணைப்பாள். ஊடுதையலுக்கு அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிவிடுவார்கள். இரண்டாவது கட்டத்தில் வேறு கை சேர்வது புதிதுமல்ல, இழுக்குமல்ல.

மெஷினைப் பற்றிய தயக்கமும் அப்படித்தான். கென்டக்கியின் படூக்கா நகரில் அமெரிக்கன் குவில்டர்ஸ் சொசைட்டி நடத்தும் போட்டியில், 1989இல் கேரல் பிரையர் ஃபாலர்ட் சூரிய கிரகணத்தை வைத்துச் செய்த குவில்ட் முதற்பரிசு வாங்கியது. மெஷினில் ஊடுதையல் போட்ட ஒன்றுக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுவே முதல் தடவை. அதன்பின் மெஷின் தையல் மட்டமானது என்று சொல்ல அதிகம் பேர் இல்லை. ஆகவே யார் தைத்தது என்பதை விட்டுவிட்டு, தையல்கோடு எங்கே போகிறது, அதை முடிவு செய்தது யார் என்று பார்ப்பதே பயனுள்ளது.

வீட்டு மெஷினின் சிரமத்தை முதலில் நேராகச் சொல்லிவிட வேண்டும். ஊசிக்கும் மெஷினின் தூணுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஆறிலிருந்து ஒன்பது அங்குலம். குயீன் அளவுக் கட்டிலுக்கான குவில்ட் சுமார் 90க்கு 100 அங்குலம். நடுப்பகுதியைத் தைக்கும்போது, அதில் பாதி சுருளாகச் சுருட்டப்பட்டு அந்தச் சின்னச் சந்துக்குள் நுழைந்திருக்க வேண்டும். மேஜை விளிம்பில் துணி தொங்கிவிட்டால் அதன் எடை ஊசியை இழுக்கும், தையல் குறுகும், சில நேரம் ஊசியே ஒடியும். இடது பக்கம் இன்னொரு மேஜை போட்டுத் தாங்கிக்கொண்டு, நடுவிலிருந்து வெளியே தைத்துக்கொண்டு போவார்கள். வளைவுக் கோடுகளுக்கு துணியை நகர்த்தும் மெஷின் பல்லை இறக்கிவிட்டு, துணியை இரண்டு கையாலும் நகர்த்த வேண்டும். கை வேகமும் மோட்டார் வேகமும் ஒத்துப்போனால் தையல் சீராக விழும். கை முந்தினால் நீளத் தையல், பிந்தினால் பொடித் தையல். தோள்பட்டையும் கழுத்தும் இதற்கு விலை கொடுக்கின்றன.

அதைவிடக் கொடுமை அதற்கு முந்தைய வேலை. அடித்துணியைத் தரையில் விறைப்பாக விரித்து ஓரங்களை டேப் போட்டு ஒட்டி, மேலே பேட்டிங், அதற்கு மேல் மேல்துணி என்று அடுக்கி, முழங்காலில் நகர்ந்து நகர்ந்து கையகல இடைவெளிக்கு ஓர் ஊக்கு குத்த வேண்டும். எங்கோ அடித்துணி தளர்ந்திருந்தால், தைத்து முடித்துத் திருப்பிப் பார்க்கும்போதுதான் பின்பக்கம் மடிப்பு விழுந்திருப்பது தெரியும். வயதானவர்கள் பலரால் இதைச் செய்ய முடியாது என்பதே அவர்கள் லாங்ஆர்முக்குப் போக முழுமையான, கண்ணியமான காரணம்.

லாங்ஆர்மில் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. பத்துப் பன்னிரண்டு அடி நீளச் சட்டத்தின் உருளைகளில் மூன்று அடுக்கையும் தனித்தனியே பூட்டுகிறார்கள். ஊக்கு தேவையில்லை. துணி அசையாது, தண்டவாளம் போன்ற பாதையில் மெஷின்தான் நகரும். உள்ளிடைவெளி 18 அங்குலத்திலிருந்து 30 வரை. கை வேகம் கூடினாலும் குறைந்தாலும் தையல் நீளத்தை ஒரே அளவில் வைத்திருக்கும் கருவியும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். அடித்துணியில் மடிப்பு விழுவது அபூர்வம். பெரிய போர்வைகளுக்கு இந்தத் தட்டையான, சீரான இழுப்பை வீட்டு மெஷினில் கொண்டுவருவது கடினம்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. குறைந்த கூலிக்குக் கிடைப்பது ஓரத்திலிருந்து ஓரம்வரை ஓடும் ஒரே வடிவம். தைப்பவர் மெஷினின் பின்பக்கம் நின்று, மேஜையில் விரித்த காகிதத்தில் அச்சான கோட்டை லேசர் புள்ளியால் தொடர்ந்து போவார். கணினி பொருத்திய மெஷின் தானே தொடரும். இரண்டிலும் கண் இருப்பது காகிதத்தில் அல்லது திரையில், துணியில் இல்லை. துளையிட்ட குழாயில் மாவு நிரப்பி வாசலில் உருட்டிக்கொண்டே போகும் கோலம் படியையும் பார்க்காது, நிலையையும் பார்க்காது. இதுவும் அப்படி. எட்டுத் துண்டு கூட்டி, முனைகள் வெட்டுப்படாமல் நட்சத்திரத்தை இணைத்திருப்பார் ஒருவர். அதன் நடுவே ஒரு சுருள் ஏறி இறங்கிப் போய்விடும். பூவேலை செய்த துணியில் இதழ்மேலேயே கோடு விழும். இது தொழிலாளியின் தவறல்ல, வாங்கிய சேவையின் இயல்பே இதுதான். சின்னச் சின்னப் பூப்போட்ட துணிகளில் வடிவமே கலகலவென்று இருந்தால் ஒரே மாதிரிக் கோடு அதை அமைதியாக்கும். அங்கே அது மிக நல்ல தேர்வு. வெற்றிடம் நிறைந்த மேல்துணியில் அதே கோடு எல்லாவற்றையும் மூடிவிடுகிறது.

நெருக்கத்தையும் கவனிக்க வேண்டும். தையல் நெருங்க நெருங்கப் போர்வை அட்டைபோல் விறைக்கும். பல பேட்டிங் உறைகளில் எட்டு அங்குலம், பத்து அங்குலம் இடைவெளிவரை தாங்கும் என்று போட்டிருக்கும். குழந்தை இழுத்துப் போர்த்தப்போகும் துணிக்கு அகலமான கோடே போதும். வடிவப் புத்தகத்தைப் புரட்டி அழகைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

லாங்ஆர்முக்கும் எல்லை உண்டு. ஒரு நேரத்தில் ஒரு பட்டை மட்டுமே கண்ணெதிரில் இருக்கும், மீதி உருளையில் சுருண்டிருக்கும். மேலிருந்து கீழ்வரை நீளும் நேர்க்கோடு உருளையை நகர்த்தும்போது பிசகாமல் இருக்க, அளவுகோலும் பொறுமையும் வேண்டும். அடுத்தடுத்து ஓடும் நேர்க்கோடுகள்தான் வேண்டுமென்றால், மேல்துணியையும் அடித்துணியையும் சேர்த்திழுக்கும் வாக்கிங் ஃபுட் மாட்டிய வீட்டு மெஷினே சுலபம். மெஷின் வாங்கி ஒரு மாதமேயான ஆரம்பக்காரரும் இதைச் செய்துவிடலாம் என்பதால், 'எனக்கு வராது' என்று சொல்வதற்குமுன் இதை ஒரு தொட்டில் போர்வையில் முயன்று பார்க்கச் சொல்வேன்.

பணம்: கூலி சதுர அங்குலக் கணக்கு. ஓரம்வரை ஓடும் வடிவத்துக்கு இரண்டிலிருந்து நான்கு சென்ட் பரவலாகக் கேட்கப்படும் தொகை. 90க்கு 100 என்றால் 9,000 சதுர அங்குலம், அதாவது 180 டாலரிலிருந்து 360 டாலர். பேட்டிங் தனி. ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்துத் தனி வடிவம் போடுவதென்றால் இது பல மடங்காகும். அதிகம் என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த மெஷின்களில் பலவற்றின் விலை பத்தாயிரம் டாலரைத் தாண்டும், கணினியோடு வந்தால் இன்னும் எங்கேயோ போகும். துணியைப் பூட்டும் நேரம், பாபின் மாற்றும் நேரம், பிரித்துத் தைக்கும் நேரம் எதற்கும் பெரும்பாலும் தனிக் கூலி எழுதுவதில்லை. இரண்டு சென்ட் வாங்குபவர் பெரும்பாலும் தன் உழைப்பைக் குறைத்தே மதிப்பிடுகிறார்.

என் தீர்ப்பு இதுதான். சுவரில் தொங்குவதையும் குழந்தைப் போர்வையையும் வீட்டில் தைக்கலாம். பெரிய கட்டில் போர்வையைக் கொடுத்துவிடலாம், எந்தக் குற்ற உணர்ச்சியும் வேண்டாம். ஆனால் கொடுக்கும் நேரத்தை மாற்ற வேண்டும். மேல்துணி முடிந்த பிறகு 'ஏதாவது போட்டுக் கொடுங்கள்' என்று தள்ளுவதில்தான் பெரும்பாலான ஏமாற்றங்கள் தொடங்குகின்றன. துணி வெட்டுவதற்கு முன்பே லாங்ஆர்ம் கைவினைஞரோடு பேசினால், வெற்றிடத்தை எங்கே விடலாம், எந்தக் கட்டத்தைத் தையலுக்கென்று ஒதுக்கலாம் என்று இருவரும் யோசிக்கலாம். போர்வையின் பின்மூலையில் தைக்கும் பெயர்த்துணியில் அவர் பெயரும் இருக்க வேண்டும். அதைச் சேர்க்காமல் காட்சிக்கு வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கொடுப்பவர் தன் பங்கையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும். ஓரப்பட்டையைத் துணியின் விளிம்பை ஒட்டி அளக்காமல் நடுவில் அளந்து வெட்ட வேண்டும். விளிம்பு பெரும்பாலும் சற்று நீண்டிருக்கும், அந்த அளவில் வெட்டினால் பட்டை அலையலையாக எழும், லாங்ஆர்ம் அதைச் சரிசெய்யாது, மடிப்பாக்கித் தைத்துவிடும். அடித்துணியும் பேட்டிங்கும் நான்கு பக்கமும் நான்கு அங்குலம் கூடுதலாக இருக்க வேண்டும். தொங்கும் நூலைக் கத்தரித்து, தையல் மடிப்புகளை இஸ்திரி போட்டு, மேல்பக்கம் எது என்று ஊக்கில் ஒரு சீட்டு குத்தி அனுப்ப வேண்டும். அதே சீட்டில், கோடு எந்த இடத்தில் போகக்கூடாது என்பதையும் ஒரு வரியாக எழுதிவிடலாம்.