முள்ளில்லாக் கத்தரி: எந்த வழியில்?

இலங்கையின் கிழக்கே உள்ள சித்தாண்டியில், தோட்டத்தில் கத்தரிக்காய் ஆய்கிறவர்களிடம் முள்ளின் பெருமை பேசி எடுபடாது. காம்பைத் திருகும்போது முள் விரல் நுனியில் ஏறும். சாக்கில் கட்டினால் ஒரு காயின் புல்லி முள் அடுத்த காயின் தோலைக் கீறும். கீறல் விழுந்த காய் சந்தையில் தங்காது. முள்ளை நீக்க ஆசைப்படுவது நியாயம்தான். எந்த வழியில், ஆய்வகத்தில் மரபணுவைத் திருத்தியா தோட்டத்தில் விதை தேர்ந்தா, என்பதில்தான் எனக்குக் கேள்வி.

எலுமிச்சை முள் கிளையின் திரிபு. கத்தரி முள்ளோ, ரோசா முள்ளைப் போல, மேல்தோலில் எழும் புடைப்பு. அதை எழுப்பும் மரபணுவை 2024இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வு அடையாளம் காட்டியது. அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வுகூடத்தின் சக்கரி லிப்மனும் அதில் பங்காளர். சைட்டோகைனின் என்ற வளர்ச்சி ஊக்கியை உருவாக்கும் மரபணு அது. கத்தரியிலும் அதன் காட்டு உறவுகளிலும் குறைந்தது 16 தடவை, தனித்தனியே, அது பழுதாகி முள் மறைந்திருக்கிறது. நெல்லில் இதே குடும்பத்து மரபணு ஒன்று கெட்டால் கதிரே சிறுத்துவிடும். கத்தரிக் குடும்பத்தில் முள்ளுக்கென்று தனி நகல் இருப்பதால் செடி தப்புகிறது. மரபணுத் திருத்தத்தின் பக்கம் இருக்கும் பெரிய வலு இதுதான்.

வேலூரின் இலவம்பாடி முள்ளுக் கத்தரி 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. திருத்தத்தால் அதன் முள் போனால் ருசியும் போகும் என்று அஞ்சத் தேவையில்லை. கலப்பினத்தில் அயல் மரபணுக்கள் பலவும் கூடவே வந்து சேரும், திருத்தத்தில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் வாங்குபவர் அந்தக் காயை அடையாளம் காண்பதே முள்ளால் என்பதை ஆய்வகம் கணக்கில் எடுக்காது.

எனக்குப் பிடிபடாதது வேறு. முள்ளின்மை பெரும்பாலும் ஒடுங்கு பண்பு. முள்ளில்லாச் செடியைத் தன் பூந்தாதோடு மட்டும் காய்க்கவிட்டால், அதன் விதையிலும் முள் வராது. தேனீ பக்கத்து முட்செடியின் தாதைக் கொண்டுவந்தால் அடுத்த தலைமுறையில் முள் திரும்பிவிடும். ஆகவே பூவுக்குத் துணிப்பை கட்டி விதை எடுக்கத் தெரிந்த விவசாயிக்கு இந்த வேலைக்கு ஆய்வகமே வேண்டாம். ஊர்க் கத்தரியில் முள்ளில்லாத செடி ஒன்று கண்ணில் பட வேண்டும், அவ்வளவே.

முள்ளை நீக்கினாலும் கத்தரியின் பெரிய தொல்லைகள் தீராது. முள் ஆடுமாட்டைத் தடுக்குமே தவிர, தண்டு துளைக்கும் புழுவை அல்ல. கத்தரியைச் சாய்க்கும் பாக்டீரியா வாடலுக்கும் முள் ஒரு பொருட்டில்லை. அந்த வாடலைத் தாங்க ஒட்டுக்கட்ட எடுக்கும் அடிக்கட்டை சுண்டங்காய், அதுவே முட்செடி! வந்தாறுமூலையில், சித்தாண்டிக்குப் பக்கத்திலேயே, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. ஊர் விதைகளை அங்கே வரிசையாக நட்டு, முள்ளையும் வாடலையும் சேர்த்துப் பார்ப்பதே முதல் வேலை. திருத்தம் அதன் பிறகு.